வில்லியனூர் மைக்செட் கடையும் சித்தியின் குரலும்

வில்லியனூர் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த மைக்செட் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளிறிப்போய் ‘ஒலி ஒளி’ என்கிற இரண்டு சொல்தான் மிச்சம். கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் இவர்கள்தான். நான் எழுதுவது இவர்களுடைய தேர்தல் பிரசார ஆட்டோவைப் பற்றி. 2021-ல் என் சித்தி புதுச்சேரி சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றபோது 13 நாள் வாடகைக்கு எடுத்தோம். கணக்கு வழக்கு முழுக்க என் கையில்தான் இருந்தது.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968-க்கு அப்புறம் 38 வருடம் கழித்து 2006-ல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில்தான் சித்தி வார்டு மெம்பர் ஆனார். தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாருவது, ரேஷன் கடைத் தகராறு என்று ஐந்து வருடம் ஓடினார். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடத்தவில்லை. வேறு ஊராக இருந்தால் வார்டு, பஞ்சாயத்துத் தலைவர், அப்புறம் ஒன்றியம் என்று ஒரு பெண் ஏறிப் போகலாம். இங்கே அந்தத் தேர்தலே நடக்காததால், வார்டை விட்டால் சட்டமன்றம்தான், நடுவில் ஒன்றுமில்லை. இருபது வருடம் உழைத்த கட்சியில் சீட்டு கேட்டுப் போனார். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே எவ்வளவு செலவு பண்ணுவீங்க என்பதுதான். சீட்டு வேறொருவருக்குப் போனது. சித்தி பத்துப் பேரை முன்மொழிய வைத்து, 10,000 ரூபாய் டெபாசிட் கட்டி, மனுத் தாக்கல் செய்தார்.

முதலில் டவுனில் ஒரு பெரிய மைக்செட் கடைக்குத்தான் போனோம். “வேட்பாளர் சார் வரலையா?” என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். சித்தப்பா சித்தியைக் காட்டினார். “மேடம் குரல் குழாய்ல கீச்சுன்னு கேட்கும். நம்மகிட்ட ஒரு பையன் இருக்கான், எல்லா வேட்பாளருக்கும் அவன்தான் பேசுவான்” என்றார்கள். சித்தி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார்.

அப்படித்தான் இந்தக் கடைக்கு வந்தோம். வாபஸ் வாங்கும் கடைசி நாள் மார்ச் 22. அது முடிந்தால்தான் சுயேச்சைக்குச் சின்னம். ஏப்ரல் 4 மாலை ஏழு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்துவிடும். யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னத்தை முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்களிடம் கொண்டுபோக இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. கேஸ் அடுப்பு என்று முடிவானதும் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் கேட்ட முதல் வார்த்தை, “நீங்களே பேசுறீங்களா அக்கா?”

கடைக்குப் பின்னால் குடோன். ஜமக்காளமும் ஷாமியானா துணியும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த இடத்துக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். சுற்றிலும் துணி இருந்தால் எதிரொலி வராதாம். சித்தி எடுத்ததும் பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி குரலை உயர்த்தினார். அவர் நிறுத்தினார். “மேடைப் பேச்சு வேணாங்க்கா. காலையில கோலம் போடுற எதிர்வீட்டு அம்மாகிட்ட என்ன சொல்வீங்களோ, அப்படிச் சொல்லுங்க.” மைக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டினார். ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் குறைத்தார். அப்புறம் குழாயைச் சந்தில் வைத்து, பதிவு செய்ததை ஓடவிட்டு, தானே தெருமுனை வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தார். சரியில்லை என்று திரும்பவும் பேச வைத்தார். மூன்றாவது தடவைதான் தலையாட்டினார். மொத்தம் 25 விநாடி. ஆட்டோ ஊர்ந்து போகும்போது ஒரு வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பெயர், சின்னம், ஒரே ஒரு கோரிக்கை மூன்றும் காதில் விழுந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கீச்சென்று கேட்கவே இல்லை. மறுநாள் காலை முதல் தெருவிலேயே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி சாம்பல் கையோடு எழுந்து வந்து, “இது நம்ம மெம்பர் குரலாச்சே” என்று ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். பதவி போய்ப் பத்து வருடம். பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி அழுதுவிட்டார். வாடகைக் குரலாக இருந்திருந்தால் அந்தப் பாட்டி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

வாடகை ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். ஆட்டோ, டிரைவர், டீசல் எல்லாம் அதிலேயே அடக்கம். இதைவிட முக்கியமானது பில். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும், நடுவிலும் பதிவேட்டை எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். இவர் நாள்வாரியாக, வண்டி நம்பரோடு பில் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு தடவைகூடத் திணறவில்லை. அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டுவதையும் அவரே பார்த்துக்கொண்டார். இரவு பத்துக்கு மேல் குழாய் கூடாது என்பதால் பத்து நிமிடம் முன்பே அணைத்துவிடுவார். அப்போது வேட்பாளர் செலவு உச்சவரம்பு 22 லட்சம். நாங்கள் மொத்தமாகவே இரண்டு லட்சத்தைத் தொடவில்லை.

குறையும் உண்டு. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்தில், பேட்டரி உட்கார்ந்துவிட்டது. மாற்று பேட்டரி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் கேட்காமலேயே அரைநாள் வாடகையைக் கழித்துக்கொண்டார், ஆனாலும் போன ஞாயிறு போனதுதான். டிரைவர் தம்பி இரண்டு முறை பக்கத்துத் தொகுதித் தெருவுக்குள் ஓட்டிவிட்டான். எங்கள் தொகுதி எல்லை அப்படி வளைந்து வளைந்து போகிறது. தெருப் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சித்திக்குக் கிடைத்தது 611 ஓட்டு. ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும், அது போய்விட்டது. அந்தத் தேர்தலில் பெண் வாக்காளர்கள் ஏறக்குறைய 5.3 லட்சம், ஆண்கள் 4.7 லட்சம். 30 தொகுதியில் ஜெயித்த பெண் ஒரே ஒருவர், காரைக்கால் நெடுங்காட்டில் சந்திர பிரியங்கா. அதற்கு முந்தைய 2016 தேர்தலில் நான்கு பேர் வந்திருந்தார்கள், அதுவும் தேய்ந்துவிட்டது. 1980-ல் அமைச்சரான ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு நாற்பது வருடம் கழித்து அமைச்சரான பெண் சந்திர பிரியங்காதான். 2023 அக்டோபரில் சாதிப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சொல்லிப் பதவி விலகல் கடிதம் எழுதினார். அதைச் சித்தி பேப்பரில் இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தார். அரசியல் குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்த நிலைமை என்றால், வார்டிலிருந்து வருகிறவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது புதுச்சேரி அதில் இல்லை. டிசம்பரில் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் சேர்த்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால் முப்பதில் பத்து இடம் பெண்களுக்கு. செய்தியைக் கேட்டதும் சித்தி எனக்குப் போன் செய்து, “அந்த மைக்செட் தம்பி நம்பர் இருக்கா?” என்றார்.

இருந்தது. பதிவு செய்ததையும் அவர் அழிக்கவில்லை, பென் டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறார். நிற்கப்போகிற பெண்கள் யாராக இருந்தாலும் மனுத் தாக்கலுக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். நல்ல குழாய் கட்டிய ஆட்டோ இவரிடம் இரண்டுதான் இருக்கிறது, திருவிழாக் காலமானால் ஒன்று கோயிலுக்குப் போய்விடும். முன்பணம் 2,000. காலை பத்துக்கு முன்னால் கடை பூட்டியிருக்கும், எதிர் டீக்கடையில் சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள்.