லினக்ஸ்ல வைஃபை வரலையா? வெளி டிரைவரா, யுஎஸ்பி டாங்கிளா, கார்டையே மாத்திடறதா

போன மாசம் என் லேப்டாப்போட வைஃபை கார்டைக் கழட்டிட்டு வேற கார்டு போட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் வெளி டிரைவரை, அதாவது லினக்ஸோட மையமான கர்னலோட சேந்து வராம நாமளே தனியாப் போடற டிரைவரை, வச்சு ஓட்டினேன், தங்கச்சி லேப்டாப்புக்கு டாங்கிள் வாங்கிக் குடுத்தேன், ஆக மூணு வழியும் வீட்லயே பாத்தாச்சு. உபுண்டு, டெபியன்னு ஏதாவது போட்டுட்டு வைஃபை ஐகானே வராம முழிக்கறவங்க நிறைய பேர் என்கிட்ட இதையே கேக்கறாங்க, அதான் எழுதறேன். என் ஓட்டு கார்டை மாத்தறதுக்குத்தான், அதை முதல்லயே சொல்லிடறேன்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் டெர்மினல்ல பாருங்க. ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) அடிச்சா வைஃபை பிளாக் ஆயிருக்கான்னு தெரியும், சாஃப்ட் பிளாக்னா அதே கமாண்ட்ல அன்பிளாக் பண்ணிடலாம், ஹார்ட் பிளாக்னா கீபோர்டுலயோ ஓரத்துலயோ இருக்கற சுவிட்சைப் பாக்கணும். அடுத்து லேப்டாப்புக்குள்ள இருக்கற கார்டெல்லாம் காட்டற எல்எஸ்பிசிஐ, என்என்கே ஆப்ஷனோட (lspci -nnk). அதுல வைஃபை கார்டுக்குக் கீழ ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’னு ஒரு வரி வரணும், வந்தா டிரைவர் ஏறியிருக்குன்னு அர்த்தம், வரலன்னா அங்கதான் பிரச்னை. கர்னல் எழுதற லாக்கைக் காட்டற டிமெசேஜ்ல (dmesg) ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ள ஏத்தற சின்ன சாஃப்ட்வேர், கிடைக்கலன்னு வந்தா லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டாலே நிறைய கார்டு எழுந்திரிச்சிடும். டெபியன்ல இந்தத் தொல்லை முன்னாடி ரொம்ப இருந்துச்சு, 2023-ல வந்த டெபியன் 12-லேந்து இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேரைச் சேத்துட்டாங்க. கனெக்ட் ஆகி அப்பப்ப விட்டுப் போகுதுன்னா, நெட்வொர்க் மேனேஜர் செட்டிங்ல வைஃபை பவர்சேவ் 3-ன்னு இருக்கறதை 2 ஆக்கிட்டுப் பாருங்க, எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு பேருக்கு அதுலயே சரியாயிடுச்சு.

இதெல்லாம் பாத்தும் டிரைவரே இல்லைன்னாதான் கீழ சொல்ற மூணுக்கு வரணும்.

முதல் வழி வெளி டிரைவர். காசு கிடையாது, இருக்கற சிப்பையே வேலை வாங்கலாம். ஆனா இது என்ன நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. பிராட்காம் பிசிஎம்43142 பழைய லேப்டாப் எக்கச்சக்கத்துல இருக்கு, அதுக்கு இருக்கற டபிள்யூஎல் டிரைவர்ல கம்பெனி விட்ட கடைசி வெர்ஷன் 6.30.223.271, அது 2015-ல வந்தது. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கர்னலுக்கும் உபுண்டு, டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்காரங்கதான் பேட்ச் போட்டுப் போட்டு ஓட்டறாங்க. அத்தனை கஷ்டப்பட்டாலும் அந்தச் சிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு 2.4-ல எவ்வளவு நெரிசல்னு சொல்லவே வேண்டாம்.

செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத டிரைவரை ஏத்த விடாத பூட் செட்டிங்) ஆன்ல இருந்தா இன்னொரு படி இருக்கு. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், ரீஸ்டார்ட் பண்ணதும் நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும், அதுல என்ரோல் எம்ஓகே குடுத்து அதே பாஸ்வேர்டைப் போடணும். நிறைய பேர் அது என்னமோன்னு கண்டின்யூ அழுத்திட்டுப் போயிடறாங்க, அப்புறம் டிரைவர் இருந்தும் கர்னல் ஏத்திக்காது.

ரெண்டாவது டாங்கிள். நாலாயிரம் மாடல் இருக்கற மாதிரி தெரியும், உள்ள இருக்கற சிப்பு ஒரு பத்துதான். டப்பால சிப்பு பேரு இருக்காது, ‘லினக்ஸ் சப்போர்ட்’னு மட்டும் இருக்கும், அதுக்கு என்ன அர்த்தம்னா எங்கயோ ஒரு டிரைவர் சோர்ஸ் இருக்கு, நீங்களே கம்பைல் பண்ணிக்கங்கன்னு அர்த்தம். ஒரே மாடல் பேர்லயே சிப்பு மாறும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், முதல் வெர்ஷன்ல ஏதெரோஸ் ஏஆர்9271, குத்தின உடனே வேலை செய்யும், ரெண்டாவது வெர்ஷன்லேந்து உள்ள ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ், அது வேற கதை. பழைய ரிவ்யூவை நம்பி வாங்கினா கைல வர்றது வேற சிப்பு. சில டாங்கிள் இன்னொரு வேலையும் பண்ணும், குத்தினதும் சிடி டிரைவ் மாதிரி மௌன்ட் ஆகி நிக்கும், உள்ள விண்டோஸ் டிரைவர் வச்சிருப்பாங்க. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்ங்கற டூல் வச்சுத் தட்டி விட்டாதான் வைஃபையா மாறும்.

டாங்கிள்ல ரகம் ரெண்டு, டிரைவர் கர்னல்லயே இருக்கறது, இல்லாதது. மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு டிரைவர் எல்லாம் 2018-லயே கர்னலுக்குள்ள வந்தாச்சு, எம்டி7921யு கர்னல் 5.18-ல வந்துச்சு. ரியல்டெக் ஆர்டிஎல்8821சியு 6.2-ல, ஆர்டிஎல்8812ஏயு 2025-ல வந்த 6.14-லதான் உள்ள வந்துச்சு. இந்தப் புது ரியல்டெக் டிரைவரை நான் ஃப்ரெண்டு டாங்கிள்ல ஒரு வாரம்தான் ஓட்டிப் பாத்தேன், தொல்லை குடுக்கல, ஆனா ஒரு வாரத்தை வச்சு வருசக்கணக்குல ஓடும்னு சொல்ல மாட்டேன்.

இப்ப நான் முடிவெடுத்ததுக்கான ஒரே காரணத்துக்கு வரேன். ஸ்பீடு இல்ல, விலை இல்ல, பராமரிப்பு.

கர்னலுக்குள்ள இருக்கற ஃபங்ஷன் எல்லாம் எப்ப வேணாலும் மாறலாம், மாத்த மாட்டோம்னு அவங்க யாருக்கும் வாக்கு குடுக்கறது இல்ல, கர்னல் சோர்ஸோட வர்ற டாகுமெண்ட்லயே அதைத் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தர் வைஃபை பக்கம் ஒரு ஃபங்ஷனை மாத்தினா, கர்னலுக்குள்ள இருக்கற அத்தனை டிரைவரையும் அவரே அதுக்கேத்த மாதிரி திருத்தித்தான் குடுக்கணும். வெளில இருக்கற டிரைவரை யாரும் திருத்த மாட்டாங்க. புது கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒண்ணு வருது. எல்டிஎஸ், அதாவது பல வருசம் சப்போர்ட் வர்ற வெர்ஷன், போட்டா இது நம்மளைத் தொடாதுன்னு நினைச்சேன், உபுண்டு 22.04 டெஸ்க்டாப்ல 5.15-ல ஆரம்பிச்சு 5.19, 6.2, 6.5, 6.8-ன்னு மாறிட்டே வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் டிகேஎம்எஸ்ங்கற டூல் நம்ம வெளி டிரைவரைத் திரும்பக் கம்பைல் பண்ணும், அதுக்கு வேண்டிய கர்னல் ஃபைல் இருக்கற ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லன்னா பண்ணாது, ஃபங்ஷன் மாறியிருந்தா பாதில நிக்கும். நின்னது நமக்கு அப்பத் தெரியாது, ஏன்னா பழைய கர்னல்ல நெட்டு ஓடிட்டுதான் இருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்லதான் தெரியும். அப்ப டிரைவர் டவுன்லோட் பண்ண நெட்டு இருக்காது.

வெளி டிரைவர் டாங்கிள் வச்சிருந்த தங்கச்சிக்கு இது நடந்தப்ப அவ ஹாஸ்டல்ல இருந்தா, ரெண்டு நாள்ல ப்ராஜெக்ட் சப்மிஷன். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன். “அண்ணா, அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன், இப்ப வைஃபை ஐகானே காணோம்.” டாங்கிளைக் கழட்டி மாட்டுனா, வேற போர்ட்ல போட்டா, லைட்டு எரியுது, நெட்வொர்க் லிஸ்ட் வரல. “சரி மா, ஃபோன்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணி கேபிள்ல சொருகு”ன்னேன், ஹாட்ஸ்பாட் போட்டா லேப்டாப்புல வைஃபை வேணுமே, யுஎஸ்பி டெதரிங்குக்கு அது வேண்டாம், லினக்ஸ்ல தனி டிரைவரும் போட வேண்டாம். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிக்கச் சொன்னேன், பழைய கர்னல் பேரு மட்டும்தான் வந்துச்சு. பில்ட் லாக்கை ஃபோட்டோ எடுத்து அனுப்பினா, அதுல ‘இன்கம்பாட்டிபிள் பாயிண்டர் டைப்’னு நின்னிருந்துச்சு. அந்த நேரத்துல அதைத் திருத்த முடியாது. ரீஸ்டார்ட் பண்ணி, ஆன் ஆகும்போது வர்ற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போயி பழைய கர்னலை எடுக்கச் சொன்னேன், வைஃபை வந்துச்சு. “இனிமே அப்டேட்டே குடுக்க மாட்டேன் ணா”ன்னா. அந்த வார்த்தைதான் என்னை உறுத்துச்சு. வைஃபைக்குப் பயந்து செக்யூரிட்டி அப்டேட் போடாம ஒருத்தர் லேப்டாப் வச்சிருக்கறது தப்பு, அந்தப் பயத்தை அவளுக்குக் குடுத்தது நான் வாங்கிக் குடுத்த டாங்கிள்.

மூணாவது வழி இந்தத் தலைவலியையே எடுத்துடுது. நான் போட்டது இன்டெல் ஏஎக்ஸ்210, எனக்கு 1,700 ரூபா ஆச்சு. கர்னல் 5.10-லேந்து டிரைவர் உள்ளயே இருக்கு. பழைய கர்னல்லயே இருக்கறவங்கன்னா ஏஎக்ஸ்200 பாக்கலாம், அது 5.1-லேந்து. பின் மூடியைக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துட்டு, கார்டைப் பிடிச்சிருக்கற ஒரே ஸ்க்ரூவைக் கழட்டினா கார்டு தானா லேசா மேல தூக்கி நிக்கும். ஆன்டெனா வயர் ரெண்டும் எந்தப் பக்கம்னு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. அந்த வயர் முனை மிளகை விடச் சின்னது, புதுக் கார்டுல அதை நேரா வச்சு விரல் நகத்தால அமுக்கினா ‘டக்’னு உக்காரும், சாய்ச்சு அமுக்கினா நசுங்கிடும், இங்க மட்டும் பொறுமை வேணும். மூடி போட்டு ஆன் பண்ணேன், நெட்வொர்க் லிஸ்ட் வந்துச்சு, நான் எதுவும் டைப் பண்ணல. ப்ளூடூத்தும் அதே கார்டுலயே வந்துடுச்சு. அப்புறம் பழைய வெளி டிரைவர் பேக்கேஜை மறக்காம அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, இல்லன்னா அது ஒவ்வொரு அப்டேட்லயும் கம்பைல் ஆகி எரர் குடுத்துட்டே இருக்கும்.

வாங்கறப்ப ஒண்ணு பாத்துக்கங்க. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211-ன்னு கடைல விலை கம்மியா இருக்கும், அதை எடுத்துடாதீங்க, அந்த ரகத்துல பாதி வேலையை இன்டெல் பிராசசர் பக்கம்தான் பண்ணும், ஏஎம்டி லேப்டாப்புலயும் பழைய இன்டெல்லயும் வேலையே செய்யாது. சில பழைய லேப்டாப் பயாஸ், தனக்குத் தெரிஞ்ச கார்டைத் தவிர வேற எதையும் ஏத்துக்காது, உங்க மாடலுக்கு அப்படி இருக்கான்னு தேடிட்டு வாங்குங்க. ரொம்பப் பழசுன்னா இந்தக் கார்டு உக்கார்ற எம்.2 ஸ்லாட்டே இருக்காது, அரை சைஸ் மினி பிசிஐஇ இருக்கும், ஆன்டெனா முனையும் பெரிசு, அந்த மாதிரி லேப்டாப்புல நான் கை வச்சதில்ல.

இன்டெல் கார்டுல எனக்கு இருக்கற ஒரே குறை, லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கினா 5 கிகாஹெர்ட்ஸ்ல விடாது, 2.4-லதான் விடும். அந்த வேலை உங்களுக்கு முக்கியம்னா மீடியாடெக் பக்கம் போறது நல்லது.

தங்கச்சி லேப்டாப்புல கார்டை மாத்த முடியாது, வைஃபை போர்டோட சேத்தே சால்டர் பண்ணது. அவளுக்கு எம்டி7612யு போட்ட டாங்கிள் தேடி வாங்கினேன், பழசை விட மூணு மடங்கு விலை, கடைக்காரர்கிட்ட சிப்பு பேரைச் சொல்லிக் கேட்டா தெரியாதுன்னுட்டார், வீட்டுக்கு வந்து யுஎஸ்பில குத்தினதைக் காட்டற எல்எஸ்யுஎஸ்பி போட்டுப் பாத்துத்தான் உறுதியாச்சு. வந்து ரெண்டு கர்னல் அப்டேட் போயிடுச்சு, ரெண்டையும் அவளே குடுத்துக்கிட்டா, ஃபோன் வரல.