மன்னிக்கும் உரிமை யாருடையது?

குற்றத்துக்கான தண்டனையைப் பற்றிச் சமயங்களும் அறநூல்களும் சொல்வதை ஒப்பிடுவோர், எது கடுமையானது, எது இளகியது என்றே பெரும்பாலும் பார்க்கிறார்கள். மரண தண்டனையும் மன்னிப்பும் ஒரே மரபுக்குள் அருகருகே இருப்பதால் அந்த அளவுகோல் வெகுதூரம் உதவுவதில்லை. மன்னிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு தெளிவாகிறது.

இஸ்லாமியச் சட்ட மரபில் கொலையைப் பொறுத்தவரை அந்த உரிமை இறந்தவரின் வாரிசுகளுக்கு உரியது. குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 178ஆம் வசனம், உயிருக்கு உயிர் என்னும் கிஸாஸை விதித்த கையோடு, மன்னிப்புக்கும் இழப்பீட்டுக்கும் வழி திறக்கிறது. இழந்தவர்களை வெறும் சாட்சிகளாக ஓரத்தில் நிறுத்தாதது இதன் பெரும் பலம். ஆனால் கொன்றவனும் மன்னிப்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? பாகிஸ்தானில் சகோதரியைக் கொன்றவனைப் பெற்றோரே மன்னித்துவிடும் வழக்குகள் எழுந்ததால், குடும்பம் மன்னித்தாலும் ஆணவக் கொலைக்கு ஆயுள் தண்டனை உண்டு என்று 2016இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் நேர் எதிர்த்திசையில் நிற்கிறார். ஒரு தீவின் மக்கள் தங்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து போவதானாலும், சிறையிலிருக்கும் கடைசிக் கொலையாளிக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 1797இல் எழுதினார். குடிமக்கள் ஒருவருக்கொருவர் இழைத்த குற்றத்தை மன்னிக்க அரசனுக்குக்கூட உரிமையில்லை என்பது அவர் வாதம். மரண தண்டனையை 1764இலேயே எதிர்த்த இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியாவும், தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் எனக் கருதியதால், ஆள்பவர் வழங்கும் மன்னிப்பை ஐயத்துடனேயே பார்த்தார் என்பது விந்தை.

திருக்குறள் இதே உரிமையை இரண்டாகப் பிரிக்கிறது. எனக்கு அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. தீங்கு செய்தவர் நாணும்படி நன்மை செய்துவிடுவதே அவரை ஒறுத்தல், அதாவது தண்டித்தல், என்கிறது 314ஆம் குறள். கொடியாரை வேந்தன் ஒறுத்தல் பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்கிறது 550ஆம் குறள். சொல் ஒன்றே, செய்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. (பின்னதில் வரும் 'கொலையின்' என்பதை விதிக்கப்படும் தண்டனையாகப் பரிமேலழகர் கொள்கிறார், அது அவர்கள் செய்த குற்றம் என்று கொள்ளவும் இடமுண்டு.) பாதிக்கப்பட்டவர் மன்னிக்கலாம், ஆனால் அவரது பெருந்தன்மையைக் காட்டி ஆள்பவர் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபை மனித மாண்பை முன்வைத்து, மரண தண்டனையை ஏற்க இயலாது என்று 2018இல் தன் மறைக்கல்வி ஏட்டையே திருத்தியது. ஆனால் அங்கே பேசப்படுவது மன்னிப்பு அன்று, அரசின் அதிகார எல்லை.

பௌத்தத்தின் அங்குலிமாலன் கதை இவை எதிலும் அடங்காதது. பலரைக் கொன்றவன் துறவியாகிவிட்டான் என்று அறிந்ததும் பசேனதி மன்னன் அவனைப் பிடிக்காமல் வணங்கித் திரும்புகிறான். அரசு விலகிக்கொண்டாலும் ஊரில் எறியப்படும் கல்லும் கழியும் அவன் மேல் விழுகின்றன. மண்டை உடைந்து, பிச்சைப் பாத்திரம் நொறுங்கி, துவராடை கிழிந்து வந்து நின்றவனிடம், இது உன் வினையின் பயன், பொறுத்துக்கொள் என்றுதான் புத்தர் சொல்கிறார். அவனால் உறவுகளை இழந்தவர்கள் மன்னித்தார்களா என்று அந்தக் கதையில் எவரும் கேட்பதில்லை.