லாட்ஜுக்கு வேக்குவம் கிளீனர் வாங்குமுன் இதைப் படியுங்கள்: 74,000 ரூபாய் போனது

ராமேஸ்வரத்தில் 64 அறைகள் உள்ள ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் லாட்ஜோ மஹாலோ நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எங்களிடம் விற்றவர் இந்தக் கரை முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊர் அழுக்கு வேறு மாதிரி. அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு அறைக்கு வருவார்கள். தனுஷ்கோடி போய்விட்டு வந்தால் செருப்பில், பையில், பிள்ளைகளின் சட்டைப்பையில் எல்லாம் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் படுக்கை விரிப்பு நறநறக்கும். உப்பு ஈரமும் பொடி மணலும் சேர்ந்து தரையில் அப்பிக்கொண்டால் கூட்டிக் கூட்டி அக்காமாருக்கு இடுப்பு விட்டுப்போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், ஆடி அமாவாசைக் கூட்டம் வருமுன் நாலு மெஷின் வாங்கச் சொல்லி முதலாளியிடம் நானே பேசினேன்.

மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஆபீஸ் கார்ப்பெட்டில் முகப்பவுடரைக் கொட்டி ஒரே இழுப்பில் எடுத்துக் காட்டினார். "2000 வாட்ஸ் சார், ஹோட்டல்களுக்கே போடுற மெஷின், தண்ணியும் இழுக்கும்" என்றார். டேங்க்கில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடல் காற்றுக்குத் துருவே பிடிக்காது என்றார். ஒன்று 18,500 ரூபாய். பாதி முன்பணம், இறக்கும்போது மீதி. கொடுத்துவிட்டோம்.

அமாவாசைக்கு முந்தின நாள் முதல் மெஷின் புகைந்தது. மூன்று நாளில் இன்னொன்று. அதுகூடப் போகட்டும். இரண்டாவது மாடியில் ஈரத் தரையில் நின்று மெஷினைப் பிடித்திருந்த அக்காவுக்கு ஷாக் அடித்துக் கை உதறிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் இருந்த பையன் சுவிட்சை அணைத்தான். 12 வருஷமாக எங்களோடு இருப்பவர். அவர் வீட்டில் போய் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொண்டுபோய்ப் பிரித்தோம். 2000 வாட்ஸ் என்றிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் கம்பெனித் தகடு, 1200 வாட்ஸ். பிளக் மூன்று பின்தான், ஆனால் உள்ளே பச்சை ஒயர் பாடியில் சேராமல் சும்மா தொங்கியது. எர்த்தே இல்லை. மெக்கானிக் அண்ணன் கருகின காயிலைக் காட்டி விளக்கினார். இந்த மாதிரி வீட்டு மெஷினில் உறிஞ்சுகிற காற்றுதான் மோட்டாரையும் குளிரவைக்கிறது. ஈர மணல் ஃபில்டரை அடைத்ததும் காற்று நிற்கும், மோட்டார் வெந்துபோகும். ஈரம், காய்ந்தது இரண்டையும் இழுக்கிற பெரிய மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று போகும். அதற்கு பைபாஸ் மோட்டார் என்று பெயர். வாங்கும்போது இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "வாரண்டி கார்டைப் படிச்சீங்களா சார்?" என்றார். பொடி எழுத்தில் இருந்தது: வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வணிக உபயோகத்துக்கு வாரண்டி இல்லை. லாட்ஜ் பெயரில் பில் போட்ட அதே மனிதர் இதைச் சொல்கிறார்! பிறகு போனையே எடுக்கவில்லை.

சரி, நுகர்வோர் குறைதீர் ஆணையம் போகலாம் என்று வக்கீலைப் பார்த்தேன். அங்கேயும் அதே சொல் குறுக்கே நின்றது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் குடும்பமாக நாலு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள். எங்களைப் போன்ற லாட்ஜுக்கு வழக்கு இழுபறிதான், சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கும் என்றார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே பணம் கொடுக்குமுன்பே பிடித்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் தினசரி ஓட்டுவதற்கு வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். வாட்ஸ் என்பது மின்சாரம் குடிக்கும் அளவு, இழுக்கும் பலம் அல்ல. எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கும், நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று போகும் என்று கேளுங்கள். காந்தச் சோதனையை நம்பவே நம்பாதீர்கள். மட்டமான 202 ரக ஸ்டீலிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, நல்ல ரகமான 304லும் ஒட்டாது. கடல் உப்புக்கு 304கூடப் புள்ளி புள்ளியாகக் கறைபடும். எங்கள் டேங்க்கில் இரண்டே மாதத்தில் பழுப்பு இறங்கியது. நம் கரைக்குத் தடித்த பிளாஸ்டிக் டேங்க்தான் தேவலை.

மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ், ஃபில்டர், ஹோஸ் எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். மதுரை இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ஒரு பிரஷ்ஷுக்காக அவ்வளவு தூரம் ஆள் வரமாட்டார். அப்புறம், ஷோரூம் பவுடரில் சோதிக்க விடாதீர்கள். உங்கள் அறைக்கே மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் ஈர மணலில், தினமும் கூட்டுகிற அக்காவின் கையில் கொடுத்து அரை நாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம், எடை, படியில் தூக்க முடியுமா என்பதெல்லாம் அவர்தான் சரியாகச் சொல்வார். நாங்கள் இந்த முறை அப்படிப் பார்த்து இரண்டு மட்டும் வாங்கினோம். மணலை முதலில் துடைப்பத்தால் அள்ளிவிட்டு மிச்சத்துக்குத்தான் மெஷின். ஃபில்டரைத் தினமும் தட்டி, கழுவினால் முழுக்கக் காயவைத்த பிறகே மாட்டுகிறோம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சை ஒவ்வொரு மாடிக்கும் போட்டாயிற்று. அதை முன்பே போட்டிருக்கவேண்டும், அது என் தவறு.

பிரித்த மெஷின் ஒன்றை வரவேற்பறைக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் யார் வந்தாலும் ஸ்டிக்கரையும் அடியில் இருந்த தகட்டையும் தொங்குகிற பச்சை ஒயரையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம்.