பயமில்லாமல் தின்ற சந்தகை

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்திருக்கிறோம். வியன்னாவில் பெட்டி கட்டும்போது முதலில் எடுத்து வைத்தது மகனின் அட்ரினலின் ஊசிகளைத்தான், ஒவ்வாமை கடுமையானால் உடனே போட வேண்டியவை. ஒன்பது வயது. பால் புரதம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. துளி நெய் பட்டாலும் உதடு வீங்கிவிடும்.

அங்கே சின்ன உணவகங்களில்கூடப் பெரும்பாலும் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்குப் பக்கத்திலும் சில எழுத்துகள் இருக்கும். 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது சேர்ந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், ஐரோப்பியச் சட்டம் அப்படி. பாலுக்கு 'ஜி'. என் பையன் பெயர் எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டான். நம்மூரிலோ "சைவம்தானுங்க" என்ற ஒரு சொல்லில் பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வந்த நான்காம் நாளே மாட்டிக்கொண்டோம். கோவையில் பெயர் பெற்ற ஒரு சைவ ஹோட்டல். குழந்தைக்கு ஆகாது, நெய் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். "நெய்யே ஊத்தலீங்க்கா" என்றார் பரிமாறிய தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. வந்தது சாதா தோசைதான். அதற்கு முன் அதே கல்லில் நெய் ரோஸ்ட் வார்த்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் மகனுக்கு உதடு தடித்துவிட்டது. நல்லவேளை, மருந்தோடு அடங்கியது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மூச்சையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் இன்னும் எனக்குள் இருந்து போகவில்லை.

இனி வெளியே சாப்பிடுவதில்லை என்று இருந்தவளை, சாயிபாபா காலனியில் ஒரு சின்ன வீகன் கடை இருக்கிறது என்று தோழிதான் வற்புறுத்தி அனுப்பினாள். பொள்ளாச்சியிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு வீட்டின் முன்பக்கத்தை மாற்றிக் கட்டிய இடம், ஆறே மேசை. வாசல் பலகையில் 'நனிசைவ உணவு' என்று இருந்தது. அம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, "அதென்ன கண்ணு, நனிசைவம்?" என்றார். நெய், தயிர், தேன்கூட இல்லாத சைவம் என்றேன். "அப்புறம் என்னத்தத் திங்கறது?" என்று முகம் சுருங்கிவிட்டது.

கடையை நடத்தும் அக்கா வந்து கேட்ட முதல் கேள்வி: "பால் வேண்டாம்னு விட்டுட்டீங்களா, இல்ல ஒத்துக்காதுங்களா?" இந்தப் பயணத்தில் அதைப் பிரித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒத்துக்காது என்றதும் நேராக அடுப்படிக்கே கூட்டிப் போனார். கடலையெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். பால் பாக்கெட் அந்த வாசலைத் தாண்டுவதில்லையாம். வேலை செய்பவர்களுக்கும் சுக்குக் காப்பிதான். வெளியே வாங்கும் பொருள்கள் நான்கைந்தை எடுத்து என் முன்னால் வைத்து, "நாங்க செய்யறதுக்கு நான் பொறுப்புங்க. பாக்கெட்ல வர்றத மட்டும் நீங்களே ஒருக்கா படிச்சுப் பார்த்துருங்க" என்றார். வீகன் என்று எழுதியிருந்தாலும், ஆலையில் பால் கலந்த பண்டத்தோடு சேர்ந்து தயாராகியிருக்கலாம். இது தெரிந்த ஒரு சமையல்காரரைச் சொந்த ஊரில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரிசிம்பருப்பு சாதம் வந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு, மேலே நெய்க்குப் பதில் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு. நிலக்கடலைப் பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைத்த தயிர், வாசனை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் புளிப்பு சரியாக இருந்தது. முந்திரி அரைத்து ஊற்றி, பனீருக்குப் பதில் டோஃபு போட்ட மசாலா மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத ஒன்றை நினைவுபடுத்துகிற சமையல் அது. பட்டியலில் பாதி அந்த மாதிரிதான் இருக்கிறது. நம் பண்டங்களை இன்னும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாகச் சந்தகை. புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்தது. மேலே கெட்டித் தேங்காய்ப்பாலும் வெல்லமும். மகன் என்னைப் பார்த்தான். "தின்னு சாமி" என்றேன். ஒரு இந்தியக் கடையில், யாரிடமும் எதையும் திரும்பக் கேட்காமல், அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். இரண்டாம் தட்டும் கேட்டான்.

போகிறவர்களுக்கு: கூட்டமாக இருந்தால் நாற்பது நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டும், பரிமாற ஒரே ஆள். மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நான்கு பேருக்கு 920 ரூபாய் ஆனது.

அம்மா திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. பேரன் தன் கைச்சோறு தின்பதில்லை என்று வந்த நாளிலிருந்து அவருக்குள் ஒரு வருத்தம். கிணத்துக்கடவு தாண்டும்போது, "சந்தகையும் தேங்காப்பாலும் நான் செய்யறதுதானே. அதுல என்னைக்குடி நெய் ஊத்துனேன்?" என்றார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது, பரணில் கிடந்த சந்தகை பிழியும் மரத்தை முற்றத்தில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் குந்தி, எந்த ஓட்டையில் எது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.