"துபாய் வேலி" என்று யாராவது செடி விற்றால் வாங்காதீர்கள்

திருச்சிக்கு வெளியே ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டி 2020இல் குடிபோனோம். தெருப்பக்கச் சுவர் இடுப்பளவுதான். கோடையிலும் இலை கொட்டாமல் மறைப்பாக நிற்கிற செடியாக வேண்டும் என்று பைபாஸ் ஓரத்து நர்சரி ஒன்றுக்குப் போனேன். மனதில் இருந்தது நந்தியாவட்டை.

"அது வளர்றதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடும் சார். இதைப் பாருங்க" என்று பளபளப்பான கன்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார் கடைக்காரர். பெயர் கேட்டால் "துபாய் வேலி" என்றார். ஆறே மாதத்தில் பச்சைச் சுவராகிவிடுமாம், நாலடிக்கு மேல் போகாதாம். கன்று 60 ரூபாய், மொத்தம் 36 வாங்கினேன். பில்லில் வெறுமனே "செடி 36" என்று எழுதியிருந்ததை அன்று கவனிக்கவில்லை.

ஆறு மாதத்தில் பச்சைச் சுவர் வந்தது உண்மைதான். நாலடியில்தான் அது நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆள் விட்டு வெட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டோம், சன்ஷேடைத் தொட்டுவிட்டது.

2023 ஐப்பசி மழையில் குளியலறைத் தண்ணீர் இறங்கவே இல்லை. பிளம்பர் தம்பி வந்து சேம்பரைத் திறந்து, குழாய்க்குள் கையை விட்டு இழுத்தார். ஈரச் சடை மாதிரி ஒன்று வந்தது. ஒன்றரை முழ நீளம், பழுப்பு நிறம், சோப்பு வாடை. அத்தனையும் வேர். "வாசல்ல என்ன மரம்ணே வச்சிருக்கீங்க?" என்றார். மரமில்லை தம்பி, செடி என்றேன். சிரித்தார்.

அவர் சொல்லித்தான் பெயரே தெரிந்தது: கோனோகார்பஸ். அமெரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துக் கடலோரங்களில் அலையாத்திக் காடுகளை ஒட்டி வளர்கிற இனம். வெட்டிக்கொண்டே இருந்தால் வேலி, விட்டால் மரம். வேர் தண்ணீரைத் தேடிச் சாக்கடைக் குழாய் வரை போகும். இதன் மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா வருகிறது என்ற புகாரும் சேர்ந்து, குஜராத்தில் 2023இலேயே நடத் தடை போட்டார்கள். நம் தமிழ்நாட்டில் தடை 2025இல்தான் வந்தது. ஆக, நான் வாங்கியபோது விற்றது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மரத்தை நாலடிச் செடி என்று சொல்லி விற்றதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

நர்சரியில் போய்க் கேட்டதற்கு வந்த பதில்: "வெட்டிவிட்டுட்டே இருந்தா நாலடிதானே சார்!" அந்தக் கணக்குக்கு ஆலமரமும் தொட்டிச் செடிதான். பணம் திரும்பவில்லை. குழாய் மாற்ற 14,000, மரங்களைத் தோண்டி எடுக்க 9,500. வாங்கிய விலை 2,160.

இன்னும் வேறு வேறு பெயரில் இது கைமாறுகிறது என்று கேள்விப்படுகிறேன். அடையாளம் சொல்கிறேன். இலை நீளவாட்டில், முனை கூராக, பளபளவென்று இருக்கும். பூ என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். காய்ந்தால் குட்டிக் கூம்பு மாதிரி ஆகும், பெயரே அதை வைத்துத்தான். கடையில் கன்றைப் பார்த்து எவ்வளவு வளரும் என்று தெரியாது, எல்லாமே ஒன்றரை அடிதான். வெட்டாமல் விட்டால் எவ்வளவு உயரம் போகும் என்று கேளுங்கள். செடியின் சரியான பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இப்போது அந்த இடத்தில் நந்தியாவட்டையும் இட்லிப் பூவும் வைத்திருக்கிறேன். தெருவில் ஆடு திரியும் மூலையில் மட்டும் ஆடாதொடை, பேருக்கேற்ற மாதிரி இதுவரை ஆடு தொடவில்லை. மறைப்பு இன்னும் முழங்கால் உயரம்தான், பரவாயில்லை. கேட் பக்கம் தோண்ட முடியாமல் விட்ட ஒரு அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன், மறுபடியும் துளிர் விட்டிருக்கிறது.