'ஆக்டிவ்' என்று காட்டினால் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் உள்ள ஒரு சின்ன டீம், டாம்கேட் சர்வரில் ஓடும் பழைய வார் கோப்புகளை (ஜாவா வெப் அப்ளிகேஷன் பொதிகளை) அப்பாச்சி காராஃப் என்ற சர்வருக்கு மாற்றித் தருவதாக வேலை எடுக்கிறது. எங்கள் பில்லிங் அப்ளிகேஷனை 'முழு ஓஎஸ்ஜிஐ பண்டிலாக' (தனக்கு என்ன தேவை என்று தானே அறிவிக்கும், காராஃப் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய ஜாவா பொதியாக) மாற்ற ஒன்றரை லட்சம் வாங்கினார்கள். டெமோவில் கன்சோலில் பண்டில் பட்டியலை எடுத்து 'ஆக்டிவ்' என்று காட்டினார்கள். லாகின் பக்கமும் திறந்தது, மீதிப் பணமும் அன்றே கைமாறியது. மூன்றாம் வாரம் சர்வரை கிளீன் ஆப்ஷனோடு ரீஸ்டார்ட் செய்தால் 8181 போர்ட்டில் 404. அப்ளிகேஷனே அங்கே இல்லை.

காரணம் எளிது. கன்சோலில் கையால் இன்ஸ்டால் செய்த பண்டில், டேட்டா ஃபோல்டரில் இருக்கும் கேஷில் மட்டுமே வாழும். கிளீன் கொடுத்தால் அது துடைக்கப்படும். ஒழுங்காகச் செய்பவர்கள் எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ஃபீச்சர் எக்ஸ்எம்எல் எழுதி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில், தொடங்கும்போதே ஏற்ற வேண்டியதைச் சொல்லும் ஃபீச்சர்ஸ் பூட் வரியில் அந்தப் பெயரைச் சேர்ப்பார்கள். வேறொன்றும் வேண்டாம், காராஃப் தானாகவே எடுத்து ஏற்றும் டெப்ளாய் ஃபோல்டரில் போட்டிருந்தால்கூடத் திரும்ப வந்திருக்கும்.

பிறகு பண்டிலின் ஹெடர்களை, அதாவது அதன் விவர வரிகளை, பார்த்தபோதுதான் ஏமாந்தது முழுசாகத் தெரிந்தது. வார் கோப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. வெப்பண்டில் என்ற முன்னொட்டோடு, சிம்பாலிக் நேமையும் (பண்டிலின் பெயர்) கான்டெக்ஸ்ட் பாத்தையும் (வெப் முகவரியில் வரும் பாதை) யூஆர்எல்லிலேயே கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த வழி தப்பில்லை, சோதித்துப் பார்க்க நல்லதுதான். ஆனால் அது பத்து நிமிட வேலை. கூடவே இம்போர்ட்டுகள் (வெளியிலிருந்து தேவைப்படும் பேக்கேஜுகள், அதாவது கிளாஸ் தொகுப்புகள்) எல்லாவற்றுக்கும் 'ஆப்ஷனல்', ஓடும்போது தேடிக்கொள்ளச் சொல்லும் டைனமிக் இம்போர்ட் பேக்கேஜுக்கு எதிரே, 'எதுவானாலும்' என்று பொருள்படும் ஒற்றை நட்சத்திரக் குறி.

அந்த நட்சத்திரம்தான் ஆபத்து. சாதாரண இம்போர்ட் என்றால், தேவையான பேக்கேஜ் கிடைக்காவிட்டால் பண்டில் ரிசால்வ் ஆகாமலே, அதாவது தொடங்கவே முடியாமல், நிற்கும். எது குறைகிறது என்று பண்டில் டயாக் கட்டளை சொல்லிவிடும். நட்சத்திரம் போட்டால் எந்தக் குறையும் தெரியாது, எல்லாம் ஆக்டிவ். கஸ்டமர் இன்வாய்ஸ் பட்டனை அழுத்தும்போதுதான் லாகில் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்ற பிழை (கிளாஸ் கிடைக்கவில்லை) விழும். இன்னொன்று, டைனமிக் இம்போர்ட் கடைசியில்தான் தேடப்படும், பண்டிலுக்குள் இருக்கும் ஜார் என்ற லைப்ரரி கோப்புதான் முதலில். ஆகவே வாருக்குள் லைப்ரரிகள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப்பில், வெப் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் ஏபிஐ ஜார் கிடந்து, முறையான இம்போர்ட்டும் இல்லையென்றால், கன்டெய்னர் (காராஃபின் வெப் பகுதி) ஒரு சர்வ்லெட் கிளாஸையும் அப்ளிகேஷன் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும். ஒரே பெயர், கிளாஸை மெமரியில் ஏற்றும் இரண்டு கிளாஸ்லோடர், விளைவு கிளாஸ் காஸ்ட் எக்ஸப்ஷன். மேவன் பில்டுக்கான பாம் கோப்பில் அந்த ஜார் 'புரொவைடட்' ஸ்கோப்பில் ('சர்வரே தரும், பொதிக்குள் வைக்காதே' என்று பொருள்) இருக்க வேண்டும்.

டேட்டாபேஸ் டிரைவரையும் லிப்புக்குள்ளேயே திணித்திருந்தார்கள். டிரைவர் மேனேஜரில் பதிவானதை நீக்காவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் பழைய கிளாஸ்லோடர் மெமரியில் தங்கிவிடும். கிளாஸ் விவரங்களுக்கான மெமரியான மெட்டாஸ்பேஸ் ஏறிக்கொண்டே போகும். பாக்ஸ் ஜேடிபிசி என்ற கருவி வழியாக டேட்டாசோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பை) சர்வீஸாகக் கொடுத்து, ஜேஎன்டிஐ என்ற பெயர்ப் பதிவேட்டில் தேடச் சொல்வதே சரி.

புகார் சொன்னதும், 'ஜகார்த்தாவுக்கு மாற்றினால் சரியாகிவிடும்' என்று இன்னொரு கொட்டேஷன் வந்தது. இதை நம்பவே நம்பாதீர்கள். ஜகார்த்தா ஈஈ என்பது ஜாவா ஈஈ-யின் புதிய பெயர்; அதன் 9-ஆம் பதிப்பில், 2020-இல், சர்வ்லெட் பேக்கேஜின் பெயரே ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று மாறியது. காராஃப் 4.4-இல் வெப் பகுதியாக உள்ள பாக்ஸ் வெப் 8 பழைய ஜாவாக்ஸ் பெயரில்தான் வேலை செய்கிறது. மாற்றினால் ஓடுகிறதும் நிற்கும்.

வேறு யாராவது இதே வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் தருமுன் உங்கள் கண்ணெதிரே கிளீன் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெடர்களைத் திறந்து நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். லாகின் பக்கத்தோடு நிற்காமல் எல்லாத் திரையையும் அழுத்திப் பாருங்கள். அப்டேட், ரிஃப்ரெஷ் பத்து முறை ஓட்டி மெட்டாஸ்பேஸ் இறங்குகிறதா என்று கவனியுங்கள். பண்டிலின் ஹெடர்களை உருவாக்கும் பிஎன்டி பிளகினோடு உள்ள பாம் கோப்பையும் ஃபீச்சர் எக்ஸ்எம்எல்லையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த இரண்டும் இன்றுவரை வரவில்லை. கேட்டால் 'அது எங்கள் இன்டெர்னல் டூல்' என்கிறார்கள்.