நட்சத்திரம் நடிக்கும் பிராட்வே மியூசிக்கல்: கட்டுப்படியாகும் சீட்டை எப்படிப் பிடிப்பது?

ஹியூ ஜாக்மேன் நடித்த 'தி மியூசிக் மேன்' என்ற மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமும் சேர்ந்த நாடகம், 2022இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒன்றான விண்டர் கார்டன் தியேட்டரில் ஓடியபோது, உயர்ந்த சீட்டுகளின் விலை 700 டாலரை ஒட்டி நின்றது. அதுவும் ஒரு ஆளுக்கு. அதே காட்சியை மாடியின் பின்வரிசைகளில் இருந்து பார்த்தவர்கள் இதில் ஒரு சிறு பங்குதான் கொடுத்திருப்பார்கள். கேட்டது அதே பாட்டு, பார்த்தது அதே ஜாக்மேன். அப்படியென்றால் அந்த வித்தியாசக் காசுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது? பெரிய பெயர் போட்ட எந்த மியூசிக்கலுக்கு டிக்கெட் தேடினாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

நான் இருப்பது நியூஜெர்சியில். பஸ் ஏறினால் போர்ட் அத்தாரிட்டி நிலையம், அங்கிருந்து ஏறக்குறைய எல்லாத் தியேட்டரும் நடக்கிற தூரம்தான். அதனால் பல வருஷமாகப் பல மாடங்களில், பல மூலைகளில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. என் அனுபவத்தில் தூரத்தை விடக் கோணம்தான் காட்சியைக் கெடுக்கிறது. கையில் காசு குறைவு என்றால் தூரமாகப் போங்கள், ஓரமாகப் போகாதீர்கள்.

காரணம் எளிது. பிராட்வே தியேட்டர்களில் பெரும்பாலானவை 1900க்கும் 1930க்கும் இடையில் கட்டியவை. மேடை ஒரு சட்டத்துக்குள் இருக்கும்; எல்லாமே நடுவில் இருந்து பார்ப்பவருக்காக அமைத்தவை. கீழ்த்தளத்தில் ஐந்தாவது வரிசையில், ஆனால் சுவரோரம் உட்கார்ந்தால் மேடையின் அந்தப் பக்கத்து மூலை முழுவதும் போய்விடும். நட்சத்திரம் தெரிவார், ஏனென்றால் அவருடைய முக்கியமான பாட்டெல்லாம் நடு மேடையில், முன்னால் வந்துதான் பாடுவார். செட்டும், பின்னால் ஆடும் கூட்டமும், கதவு திறந்து யார் வருகிறார்கள் என்பதும்தான் தெரியாது. 'பார்ஷியல் வியூ', அதாவது மேடையின் ஒரு பகுதி மறையும் என்று போட்டு விற்கும் சீட்டுகளில் சில உண்மையிலேயே லாபம், சில வெறும் சுவர். ஒருமுறை அப்படி ஒரு ஓரச் சீட்டில் இருந்து பார்த்த நாடகத்தில் வில்லன் எப்படிச் செத்தான் என்பதை இடைவேளையில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தியேட்டர் பெயர் வேண்டாம்.

இன்னொரு பொறி, கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகள். கீழ்த்தளத்துக்கு இங்கே ஆர்கெஸ்ட்ரா என்று பெயர்; அப்படிப் போட்டிருப்பதால் நல்ல சீட்டு என்று தோன்றும், விலையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் தலைக்கு மேலே மாடி நீட்டிக்கொண்டு நிற்கும். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பார்ப்பது போல மேடையின் மேல் பாதி மறைந்துவிடும். செட்டில் மாடிப்படி இருந்து, அதன் உச்சியில் நின்று கதாநாயகி பாடுகிறாள் என்றால் அவளுடைய செருப்பு தெரியும். ஒரே விலைக்குக் கீழ்த்தளக் கடைசியும் முதல் மாடியின் நடுவும் கிடைத்தால் நான் யோசிக்காமல் மேலே போய்விடுவேன்.

அந்த முதல் மாடிக்குப் பெயர் மெஸ்ஸனைன். அதன் முன்வரிசைகளை இப்போது ஆர்கெஸ்ட்ரா விலைக்கே விற்கிறார்கள். அதன் அருமை அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சீட் வரைபடத்தைக் கவனித்துப் பார்த்தால் ஒரு வரிசையில் ஒரு நிறம், அடுத்த வரிசையில் இன்னொரு நிறம் இருக்கும். முன் மெஸ்ஸனைன் முடிந்து பின் மெஸ்ஸனைன் தொடங்கும் இடம் அது. அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு வரிசைகளுக்கும் பார்வையில் ஒரு அடி வித்தியாசம்கூட இருக்காது. விலையில் மட்டும் சட்டென்று இறங்கும். நான் எப்போதும் முதலில் தேடுவது அந்தக் கோட்டுக்கு அடுத்த வரிசையை, அதிலும் நடுப்பகுதியை. அது போய்விட்டால் அதற்கும் பின்னால் நடுவிலேயே போவேனே தவிர, பக்கவாட்டில் நகர மாட்டேன்.

சீட் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் வரைபடம் இல்லாமலே பாதி விஷயம் புரியும். பெரும்பாலான தியேட்டர்களில் 101 முதல் தொடங்கும் எண்கள் நடுப்பகுதி. ஒற்றைப்படை எண்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். 1, 2 என்ற சிறிய எண்கள் நடுப்பகுதியை ஒட்டிய பாதை ஓரம். எண் ஏற ஏறச் சுவரை நெருங்குகிறீர்கள் என்று அர்த்தம். பக்கப் பகுதியில்தான் கிடைக்கிறது என்றால் 1, 3 அல்லது 2, 4 வாங்கலாம். 21, 23 என்று வந்தால் விட்டுவிடுங்கள். வரிசை எழுத்தில் மட்டும் எச்சரிக்கை: சில இடங்களில் ஏஏ, பிபி என்ற இரட்டை எழுத்து வரிசை மேடைக்கு ஆக முன்னால் இருக்கும், சில இடங்களில் இஸட்டுக்குப் பின்னால் இருக்கும்.

இத்தனைக்கும் மேல், எந்த நாடகம் என்பதையும் பார்க்க வேண்டும். நடனம் நிறைந்த மியூசிக்கலுக்கு மாடிதான் அழகு. 'தி மியூசிக் மேன்' போன்றவற்றில் கூட்டமாக ஆடும்போது உருவாகும் கோலம் மேலே இருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். கீழே முன்வரிசையில் இருப்பவருக்குக் கால்கள்தான் தெரியும். 2024 அக்டோபரில் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் தொடங்கிய 'சன்செட் பொலிவார்ட்' இன்னும் வேடிக்கையான விஷயம். நிக்கோல் ஷெர்சிங்கரை வைத்து ஜேமி லாயிட் இயக்கியது. மேடையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்து, நடிகர்களின் முகத்தைப் பிரம்மாண்டமான திரையில் நேரலையாகக் காட்டினார்கள். இரண்டாம் பாதியில் டாம் பிரான்சிஸ் பாடிக்கொண்டே தியேட்டரை விட்டு வெளியேறி 44ஆம் தெருவில் நடந்துபோவார், கேமராவும் கூடவே போகும். தியேட்டருக்குள் இருப்பவர் எல்லாருக்கும், காசு கொட்டி முன்னால் உட்கார்ந்தவர் உட்பட, அந்தக் காட்சி திரையில்தான். செயின்ட் ஜேம்ஸில் மெஸ்ஸனைனுக்கும் மேலே இன்னொரு பால்கனி உண்டு. அந்த நாடகத்துக்கு அந்தப் பால்கனியின் நடுவை விட லாபமான சீட்டு அந்த வருஷம் பிராட்வேயிலேயே இல்லை என்பது என் கட்சி.

நேர் எதிர், மெஜஸ்டிக் தியேட்டரில் ஆட்ரா மெக்டொனால்டு நடித்த 'ஜிப்ஸி'. பிராட்வேயின் பெரிய விருதான டோனியை ஆறு முறை வாங்கியவர் அவர். அந்த நாடகத்தில் கடைசிப் பாட்டில் அவர் முகத்தில் நடப்பதுதான் விஷயமே. இந்த மாதிரி ஒரே ஆள் தோளில் நிற்கும் நாடகத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பில்லை. முடியாது என்றால் ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். பல காட்சிகளுக்கு உழைக்கும், விலையும் ஒரு சீட்டு மேம்பாட்டை விடக் குறைவு. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

சரி, எந்த நாள்? வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் உள்ள வாரம் ஆகாது. ஜனவரி, பிப்ரவரியில், அப்புறம் பள்ளி திறந்த பிறகு செப்டம்பரில், செவ்வாய் முதல் வியாழன் வரை விலை தணிந்திருக்கும். நட்சத்திரத்தின் கடைசி வாரங்கள் என்று அறிவித்துவிட்டால் விலை ஏறும். ஜூனில் டோனி விருது கிடைத்துவிட்டாலும் ஏறும். அதற்காக எல்லா நட்சத்திர நாடகமும் கடைசிவரை எட்டாக்கனியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 'ஜிப்ஸி' 2025 ஆகஸ்ட் 17இல், அறிவித்திருந்ததை விட முன்பே முடிந்தது. பெரிய பெயர் இருந்தும் சீட்டுகள் மிஞ்சும் நாடகங்கள் உண்டு. அவற்றுக்கு அவசரப்பட்டு முன்பதிவு செய்பவர்தான் அதிகம் கொடுக்கிறார்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரம் அன்று மேடை ஏறுகிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பதால் சிலருக்கு ஒரு காட்சி ஓய்வு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். 'ஃபன்னி கேர்ள்' நாடகத்துக்கு 2022 செப்டம்பரில் லியா மிஷெல் கதாநாயகியாக வந்த பிறகு, வியாழக்கிழமைகளில் அந்த வேடத்தில் ஜூலி பென்கோ நடித்தார். மற்ற நாட்களில் விலை வானத்தைத் தொட, வியாழன் மட்டும் நிதானமாக இருந்தது. பென்கோவுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்ததும் அந்த வியாழக்கிழமைகளால்தான். நட்சத்திரத்துக்காக இல்லாமல் மியூசிக்கலுக்காகப் போகிறவர் என்றால் இந்த மாதிரி நாளைத் தேடிப் பிடியுங்கள்.

அறிவிக்காமல் வராமல் போவதும் உண்டு. 2021 டிசம்பரில், 'தி மியூசிக் மேன்' முன்னோட்டக் காட்சிகள் நடந்துகொண்டிருந்தபோது கதாநாயகி சட்டன் ஃபாஸ்டருக்குக் கோவிட் வந்து, மாற்று நடிகை கேத்தி வாய்ட்கோ கடைசி நேரத்தில் அவர் வேடத்தில் இறங்கினார். சில நாளில் ஜாக்மேனுக்கும் கோவிட். இங்கே ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும்: போஸ்டரில் நாடகத்தின் பெயருக்கு மேலே யார் பெயர் இருக்கிறதோ, அவர் வராவிட்டால்தான் பணத்தைத் திருப்பியோ வேறு நாளுக்கு மாற்றியோ கேட்கலாம். பெயர் கீழே இருந்தால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முடியாது. கேட்பதைக் காட்சி தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால் தியேட்டர் கவுன்டர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விற்றவரிடம்தான் போராட வேண்டும்.

மறுவிற்பனை என்றதும் ஒன்று. கூகுளில் நாடகத்தின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அநேகமாக ஏதாவது இடைத்தரகர் தளம்தான். நாடகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போய், அங்கிருந்து டிக்கெட் பக்கத்துக்குப் போங்கள். ஷூபர்ட் குழுமத்தின் 17 தியேட்டர்கள் என்றால் டெலிசார்ஜ் என்ற டிக்கெட் தளத்துக்குப் போகும். 2022 ஆகஸ்ட் முதல் நியூயார்க் சட்டப்படி கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்பதால் கடைசிப் பக்கத்து அதிர்ச்சி இப்போது இல்லை. ஆனாலும் சேவைக் கட்டணம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. தியேட்டர் பாக்ஸ் ஆபிஸுக்கு நேரில் போனால் அது மிச்சம். நான்கு டிக்கெட் என்றால் அந்த மிச்சத்திலேயே பஸ் செலவும் சாப்பாடும் வந்துவிடும். தவிர, கவுன்டரில் இருப்பவரிடம் "இந்தச் சீட்டில் கம்பி மறைக்குமா?" என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். காட்சிக்கு ஓரிரு நாள் முன்பு போனால், நாடகக் குழுவினருக்காக ஒதுக்கிவைத்து யாரும் எடுக்காத சீட்டுகளும் விற்பனைக்கு வந்திருக்கும்.

டைம்ஸ் ஸ்கொயரில் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள டிகேடிஎஸ் கவுன்டரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 1973இல் இருந்து அன்றைய டிக்கெட்டைத் தள்ளுபடியில் தரும் நல்ல இடம்தான். ஆனால் நட்சத்திரத்தால் நிரம்பி வழியும் நாடகம் அந்தப் பலகையில் வருவது அபூர்வம். ரஷ் (அன்றைய காட்சிக்கு மலிவு விலையில், முந்துபவருக்குத் தருவது), லாட்டரி (குலுக்கலில் தருவது) இரண்டும் உண்டு. 1996இல் 'ரென்ட்' முன்வரிசைகளை 20 டாலருக்குக் கொடுத்து ஆரம்பித்து வைத்த பழக்கம், பிறகு 'ஹாமில்டன்' 10 டாலர் லாட்டரி வரை வந்தது. பெயரைப் போட்டுவையுங்கள், காசா பணமா. அதை நம்பி விமானம் ஏறி வராதீர்கள். அரங்கு நிறைந்தால் சில தியேட்டர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நின்று பார்க்கும் இடத்தையும் விற்கும். கால் வலிக்கும், ஆனால் நடுவில் நிற்கலாம்.

ஊரில் இருந்து அப்பா, அம்மா வந்திருக்கும்போது மட்டும் நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிடுவேன். பழைய தியேட்டர்களில் மாடிக்கு லிஃப்ட் பெரும்பாலும் கிடையாது. பால்கனிப் படிகள் செங்குத்து, சீட்டுக்கு முன்னால் முழங்கால் வைக்க இடம் குறைவு. என் மாமியார் ஒரு முறை மெஸ்ஸனைன் ஏறிவிட்டு, "கண்ணு, அடுத்த தடவை நான் கீழேயே உக்காந்துக்கறேன், பாதி தெரிஞ்சாலும் போதும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஆர்கெஸ்ட்ரா கடைசி வரிசைகளில் பாதை ஓரச் சீட்டு. புக் செய்யும்போது அந்தத் தியேட்டரின் தளத்தில் 'படியில்லாமல் போகக்கூடிய சீட்டு' என்று தனியாகக் குறித்திருப்பார்கள், கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.